உப்பு டப்பாவைத் தேடிய தவளை

அந்த வருஷம் தென்மேற்கு மழை மலையில் கால் வைத்த முதல் சாயங்காலம், ஈட்டிப்பாறை எஸ்டேட்டின் மூன்றாம் டிவிஷனுக்குக் கீழே, சுற்றிலும் தேயிலை வெட்டிச் சீவி நிற்க நடுவில் மட்டும் தலை வாராத பிள்ளை மாதிரி நிற்கிற எங்கள் சோலையில், மரத்தவளைகள் உச்சிக் கிளைகளிலிருந்து கைகாலை விரித்து, விரல்களுக்கு இடையிலிருக்கும் செம்மஞ்சள் சவ்வைக் குடை போலப் பிடித்துக்கொண்டு, காற்றில் சறுக்கி இறங்கி, சதுப்பு ஓரத்து இலைகளில் ஒட்டிக்கொண்டு, வருஷா வருஷம் கத்துகிற ‘டக்... டர்ரக்... டக்’கைக் கத்தாமல், ஊரை விட்டுப் போன ஆம்பளைகளின் குரலில் பேச ஆரம்பித்தன.

முதலில் கேட்டது பக்கத்து வீட்டு ஞானப்பூ மதினி. சுள்ளி பொறுக்கப் போன இடத்தில், காட்டு ஏலக்காய் இலை மேல் உட்கார்ந்திருந்த ஒரு தவளை, தொண்டையைப் பலூன் மாதிரி ஊதி, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன அவள் புருஷன் அந்தோணிமுத்துவின் கரகரத்த குரலில், “டேய், அந்தப் பண்டலை இந்தப் பக்கம் நகத்துடா, கால்ல விழுந்தா யாரு பதில் சொல்றது” என்றது. மதினி சுள்ளிக்கட்டைக் கீழே போடவில்லை, சாமி பேரைச் சொல்லி அலறவில்லை. “அங்க போயும் யாரையாவது வெரட்டிக்கிட்டேதான் இருக்கியா” என்று தவளையிடம் சொல்லிவிட்டு, மேடேறி வந்து, உலை வைத்து, அரிசி களைந்து போட்டு, அதற்கப்புறம்தான் குழாயடியில் விஷயத்தைச் சொன்னாள்.

குழாயடி யோசிக்கவே இல்லை. “வினோதினி வேலைதான்” என்றது.

அவர்கள் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை, ஏனென்றால் அந்த டிவிஷனில் எனக்கு வராத குரல் கிடையாது. சூப்பர்வைசர் குருசாமி மூக்கால் இழுத்து “ஏ பொம்பளைங்களா, முத்தின இலை கூடையில கெடந்துச்சுன்னா இன்னிக்குச் சம்பளத்துல பேரை வெட்டிருவேன்” என்பது வரும். எஸ்டேட் மேனேஜர் துரையின் ஜீப் கொண்டை ஊசி வளைவில் கியர் மாற்றும்போது இருமுவது வரும். குட்டியைத் தொலைத்த ஆடு, குட்டி கிடைத்த ஆடு இரண்டும் வித்தியாசமாக வரும். மூடுபனி கையை நீட்டினால் கை தெரியாத அளவுக்கு இறங்கியிருந்த ஒரு காலையில், நான் தேயிலைச் செடிக்குள் குந்திக்கொண்டு, “இன்னிக்கு அரை நாள்தான், எல்லாரும் வீட்டுக்குப் போங்க” என்று மூக்கால் சொல்ல, ஒரு நிரை முழுக்கப் பெண்கள் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு கிளம்ப, பனிக்குள்ளிருந்து நிஜக் குருசாமி “நான் இல்ல, அது நான் இல்ல!” என்று கத்திக்கொண்டே ஓடி வந்ததை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆகவே அன்றைக்கும் அவர்கள் டார்ச் லைட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் அடுப்படியில் பலாக்கொட்டைக் குழம்பும் சோறும் வாயில் நிறைய அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதே நேரம் கீழே சோலையில் அந்தோணிமுத்து யாரிடமோ பீடிக்கு நெருப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப அது யாருடி?” என்றாள் மதினி.

சோற்றை விழுங்கிவிட்டு, “தெரியலை மதினி. ஆனா நல்லாப் பண்றாங்க” என்றேன், கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு.

பழகிப் போக அதிக நாள் பிடிக்கவில்லை. ஃபாக்டரி சங்கு ஊதியதும் பெண்கள் கூடையை இறக்கிவிட்டு, உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நேராகச் சோலைக்கு இறங்கினார்கள். தவளைகளும் நாணயமானவை, இன்றைக்கு உட்கார்ந்த இலையில்தான் நாளைக்கும் உட்காரும். அதனால் யாருடைய மகன் எந்த இலை என்று தெரிந்து, பழைய சேலைக் கிழிசலைச் செடியில் கட்டி அடையாளம் வைத்து, “அது என் மூத்தவன் இலை, தள்ளி நில்லு” என்று சண்டை போட்டு, சண்டை போட்டவர்களே ஒரே குடைக்குள் நின்றார்கள். டார்ச் வெளிச்சம் தவளைக்கு ஆகவில்லை என்று கண்டுபிடித்து, கண்ணாடியில் சிவப்புக் காகிதம் ஒட்டினார்கள். காதர் பாய் டீக்கடையை அப்படியே சோலை முகப்புக்குத் தூக்கி வந்து, சத்தம் வராமல் டீ ஆற்றக் கற்றுக்கொண்டார். மாரியம்மன் கோயில் பூசாரி இது அம்மன் அருள் என்றார், ஜெபக்கூடத்து ஊழியர் இது ஆவியானவர் செயல் என்றார். ஆனால் பூசாரியின் மகனும் ஊழியரின் மச்சினனும் அவிநாசியில் ஒரே பேக்கரியில் வேலை பார்த்ததால் அவர்களுடைய தவளைகள் ஒரே கிளையில் உட்கார்ந்து பன் தட்டை யார் கழுவுவது என்று சண்டை போட, இரண்டு பெரியவர்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்று, “உங்க பையன்தான் இன்னிக்குக் கழுவணும்” “நேத்து அவன்தான கழுவினான்” என்று நியாயம் பேசினார்கள். இருட்டு கட்டுவதற்குள் யானை தண்ணீருக்கு வந்துவிடும் என்பதால் குருசாமி மேட்டில் நின்று விசில் ஊதுவார். அத்தனை பேரும் பேச்சின் பாதியில் மகன்களை விட்டுவிட்டு ஏறி வருவார்கள்.

ஃபோன் இல்லையா என்றால், இருந்தது. பஸ் நிறுத்தத்துப் பாறை மேல் ஏறி நின்றால் ஒரு கோடு டவர் கிடைக்கும். ஆனால் ஃபோனில் எல்லோரும் ஒரே ஒரு வார்த்தையைத்தான் சொன்னார்கள்: “நல்லா இருக்கேன்.” தவளை அப்படியில்லை. அது நம்மிடம் பேசுவதில்லை. அவர்கள் அங்கே அந்த நிமிஷம் யாரிடம் என்ன பேசுகிறார்களோ அதை மட்டும் பேசும். “முதுகு விட்டுப்போச்சுண்ணே” என்றது, “ரூம்ல மூட்டைப்பூச்சி” என்றது, ஒருநாள் யாருமே பக்கத்தில் இல்லாமல் சும்மா “யம்மா” என்றது. எந்த மகனின் தவளை அது என்று தெரியாமல் அங்கே நின்ற எல்லா அம்மாக்களும் “ம்” என்றார்கள்.

துரைகூட வந்தார். அவருடைய பையன் ஆஸ்திரேலியாவில் இருந்தான். அந்தத் தவளை சதுப்பின் அக்கரையில் ஒரு பெரணிச் செடியில் உட்கார்ந்து நுனி நாக்கில் இங்கிலீஷ் பேசியது. துரை ரப்பர் பூட்ஸும் பெரிய கறுப்புக் குடையுமாக வந்து நின்று, பெண்கள் பக்கம் திரும்பி, “வெரி குட் ஜாப்ல இருக்கான்” என்று மொழிபெயர்த்துச் சொல்வார். ஒரு சாயங்காலம் அது திடீரென்று தமிழுக்கு மாறி, “அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதடா” என்றது. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. துரை குடையை மடக்கி மழையில் நின்றார். சதுப்பை வடிய விட்டு, சோலையை வெட்டி, புதுக் கன்று நடப்போவதாக அந்த வருஷம் ஒரு பேச்சு இருந்தது. அதற்கப்புறம் அதை யாரும் பேசவில்லை, காரணத்தை யாரும் கேட்கவும் இல்லை.

இப்படி ஒரு திருவிழா மாதிரிப் போய்க்கொண்டிருந்ததில், மூக்காயி அத்தையின் மகன் பிச்சாண்டியின் தவளைதான் எல்லோரையும் உட்கார வைத்தது. அவன் லாரி ஓட்டுகிறவன். “ரைட்ல பாரு, ரைட்ல பாரு, இன்னும் கொஞ்சம்...” என்று கிளீனரிடம் சொல்லிக்கொண்டே இருந்த தவளை, பாதியில் நிறுத்தி, தொண்டையைச் சுருக்கி, மறுபடி ஊதி, ‘டக்... டர்ரக்... டக்’ என்றது. வேறொன்றுமில்லை, மற்ற வருஷங்களில் கத்துகிற மாதிரி ஒரு சாதாரணத் தவளையாகக் கத்தியது. மறுநாள் காலையில் பாறை மேலிருந்து ஃபோனில் வந்த சாவுச் செய்தி இறங்கி வந்தபோது, அத்தை ஏற்கெனவே முற்றத்தைக் கூட்டி, பாய் விரித்து, தலையை அவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது, உயிரோடு இருப்பவர்கள்தான் பேசுகிறார்கள் என்று. அன்றைக்குச் சாயங்காலம்தான் எங்கள் அம்மா மாடத்தி முதல் தடவையாகச் சோலைக்கு இறங்கினாள்.

என் அக்கா கஸ்தூரி, புரோக்கர் ஒருத்தர் வந்து கல்யாணத்துக்கு நகை சேரும் என்று சொல்ல, பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லுக்குப் போனவள். ஹாஸ்டலில் ஃபோன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வார்டன் ஃபோனிலிருந்து கூப்பிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடவில்லை. அடுத்ததிலும் இல்லை. அம்மா மலை இறங்கி, பஸ் மாறி மாறி மில் கேட்டுக்குப் போய் நின்றபோது வாட்ச்மேன், “அந்தப் பொண்ணு போயிடுச்சும்மா, எங்கன்னு தெரியாது” என்று சொல்லிக் கேட்டைச் சாத்திவிட்டான். போலீசில் மனுக் கொடுத்தோம். இரண்டு மழை வந்து போய்விட்டது. அப்பா அதற்கும் முன்னாலேயே மஞ்சள் காமாலையில் போய்விட்டதால், அந்த வீட்டில் நானும் அம்மாவும்தான். நான் அத்தனை பேர் குரலிலும் பேசிக்கொண்டிருந்தேன். அம்மா எதுவும் பேசாமல் இருந்தாள்.

அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு, வேகிற பானைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிற மாதிரி, ஒவ்வொரு இலையாகக் குனிந்து கேட்டாள். அந்தோணிமுத்து, பேக்கரிப் பையன்கள், துரை மகன், கொத்தனார் வேலைக்குப் போன நாலு பேர், எல்லோரையும் தாண்டி, கடைசி இலை வரைக்கும் போய், கஸ்தூரி இல்லாமல் திரும்பி வந்தாள். மறுநாளும் போனாள். அதற்கு மறுநாள் அவளோடு இன்னும் சில பேர் நடந்தார்கள். மில்லுக்குப் பெண்ணை அனுப்பியவர்கள், கேரளத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்பியவர்கள். சோலை முழுக்கத் தேடியும் ஒரு பெண் குரல் இல்லை. ஒன்றுகூட இல்லை.

“அப்ப நம்ம பொண்ணுங்க?” என்று ஒருத்தி கேட்டாள். எல்லோருக்கும் பிச்சாண்டி ஞாபகம்.

அந்த நேரத்தில்தான் யாழினி அக்கா வாய் திறந்தாள். கோயம்புத்தூர் காலேஜிலிருந்து தவளை ஆராய்ச்சிக்கு வந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக்குப் பயந்து மூன்று சாக்ஸ் போட்டுக்கொண்டு திரிகிறவள்.

“ஆன்ட்டி, பயப்படாதீங்க. இந்த இனத்துல ஆண் தவளைதான் கத்தும். பெண் பெரிசா இருக்கும், உச்சியிலயே இருக்கும், முட்டையிட மட்டும் இறங்கி வரும். அதுக்குத் தொண்டையில பை கிடையாது, இப்படிக் கூப்பிடாது.”

“அது சரிம்மா,” என்றாள் ஞானப்பூ மதினி. “என் வீட்டுக்காரர் இதுக்குள்ள எப்படி வந்தாரு?”

“அது என் ஆராய்ச்சித் தலைப்புல இல்லீங்க.”

பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். சாகவில்லை, சத்தம் வராது, அவ்வளவுதான். ஆனால் அந்த நிம்மதி மேடேறி வீட்டுக்குப் போவதற்குள்ளேயே கசந்துவிட்டது. வீட்டிலும் வாயை மூடு, மில்லிலும் வாயை மூடு, காட்டுக்கு வந்தால் இங்கேயும் அதே கதையா என்று மதினி வழியெல்லாம் தவளைச் சாதியையே திட்டிக்கொண்டு வந்தாள்.

பிறகு அவர்கள் என்னிடம் வந்தார்கள். “ஏ புள்ள, எங்க செல்வராணி மாதிரி ஒரு தடவ பேசேன்.” நான் விடுவேனா? காட்டுச் சம்பக மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, செல்வராணி மாதிரி ‘ச’வை விழுங்கிப் பேசினேன், தெரசா மாதிரிப் பேச்சுக்கு நடுவில் மூக்கை உறிஞ்சினேன், பட்டு மாதிரிச் சிரித்துவிட்டு அப்புறம் ஜோக்கைச் சொன்னேன். நான்தான் என்று தெரிந்தும் அவர்கள் மரத்தைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்டார்கள், குளிருக்குப் போர்வை இருக்கா என்று கேட்டார்கள். நான் கூத்தடித்துக்கொண்டே, “கறிச்சோறு போடுறாங்கம்மா, நீதான் எளைச்சுப் போயிருப்ப” என்பேன். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள்.

அம்மா மட்டும் கேட்கவில்லை. கஸ்தூரியின் குரல் எனக்கு வரும் என்பது அவளுக்குத் தெரியும். நான் பண்ணுகிற எந்தக் குரலுக்கும் கஸ்தூரி சிரித்ததில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அந்தக் குரல் மெல்லியது, நிழலில் காய்ந்த துணி மாதிரி. அது என் தொண்டைக்குள் ராத்திரியும் பகலும் உட்கார்ந்திருந்தது. அம்மா கேட்காததால் அதை நான் எடுக்கவில்லை.

மழை உச்சத்தில் இருந்த ஒரு சாயங்காலம், யாரும் துணி கட்டாத ஒரு இலையிலிருந்து, யாருக்கும் தெரியாத ஒரு ஆம்பளைக் குரல் பேசியது.

“அம்மிணி, உப்பு டப்பாவ எங்க வெச்ச?”

மலைப் பேச்சு இல்லை அது. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. எல்லோரும் அவரவர் தவளையை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். தவளை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. யாரோ பதில் சொல்ல, அதைக் கேட்டுக்கொள்கிற மாதிரி ஒரு சும்மா.

“அங்க இல்லியே, கஸ்தூரி” என்றது பிறகு.

அம்மாவின் கையிலிருந்த குடை சாய்ந்து அத்தனை தண்ணீரும் என் தலையில் கொட்டியது.

அன்றைக்கு விசில் ஊதியும் யாரும் ஏறவில்லை. குருசாமி இறங்கி வந்து, விஷயம் தெரிந்து, விசிலைப் பையில் போட்டுக்கொண்டு அவரும் நின்றார். வழக்கம்போல் அவர்தான் முதலில் அந்த ஆசையில் தண்ணீர் ஊற்றினார்: “மாடத்தி, ரொம்ப நம்பிராத. கோயம்புத்தூர் ஜில்லாவுல தடுக்கி விழுந்தா ஒரு கஸ்தூரி.”

“எந்தக் கஸ்தூரியா இருந்தாலும் நல்லா இருக்கட்டும்” என்றாள் அம்மா. ஆனால் தன் சேலைத் தலைப்பில் ஒரு முழம் கிழித்து அந்தச் செடியில் கட்டினாள். புதுச் சேலை அது.

அதிலிருந்து எங்களுக்கு அந்த இலைதான். அவன் தறி ஓட்டுகிறவன் என்று தெரிந்தது, ஏனென்றால் தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. “புதுப் பாவு போட்டாச்சு” என்பான். வீட்டுக்கு வந்தால் குரல் இறங்கும். “சாப்பிட்டியா? ... பொய் சொல்லாத. ... அப்ப தட்டு எங்க?” ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் ஒரு இடைவெளி. அந்த இடைவெளி வரும்போது அம்மா கையை உயர்த்துவாள். நாங்கள் மூச்சு விட மாட்டோம். மழை பெய்யும், சதுப்பில் சொட்டும், மற்ற தவளைகள் பண்டல் நகர்த்தும், பன் தட்டுக் கழுவும். அம்மா மட்டும் தலையைச் சாய்த்து, அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டு, சில சமயம் தலையாட்டுவாள், ஒருதரம் “அப்படிச் சொல்லக் கூடாதுடி” என்று முணுமுணுத்தாள்.

எனக்கு நாக்கு அரித்தது. பாதிப் பேச்சு அந்தரத்தில் தொங்கினால் மறுபாதியைப் பேசாமல் இருக்க என்னால் முடியுமா? ஒருநாள் அவன், “சட்டையில பொத்தான் போயிடுச்சு” என்று சொல்லி நிறுத்தியதும், நான் அம்மாவுக்குப் பின்னால் நின்று, தொண்டைக்குள் இத்தனை நாள் உட்கார்ந்திருந்ததை எடுத்து, “கழட்டிக் குடுங்க, தெச்சுத் தர்றேன்” என்றேன். அப்படியே கஸ்தூரி. ஞானப்பூ மதினி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

அம்மா திரும்பி, தேயிலைக் கறை பிடித்த உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள். அடிக்கவில்லை. பொத்தி, அப்படியே வைத்திருந்தாள்.

“அது அவ பேசுற இடம்டி” என்றாள்.

அதற்கப்புறம் நான் அங்கே வாயைத் திறக்கவில்லை. என் ஆயுளிலேயே நான் அவ்வளவு நேரம் சும்மா இருந்தது அந்த இலை முன்னால்தான்.

ஆடி முடிகிற சமயம் அவன் சொன்னான்: “காலு வீங்கியிருக்குதே, நீட்டி உக்காரு அம்மிணி. ... நாளைக்கு லீவு சொல்லிடறேன், ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பேரும் போலாம். ... அதெப்படி, மாசமா இருக்கறப்ப தனியா பஸ் ஏறுவியா?” பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சுக்கும் மிளகும் எடுத்து உரலில் போட்டு இடித்தாள், யாருக்கு என்று கேட்டால் “சும்மா” என்றாள். இடித்த பிறகு அது எந்த ஊருக்கு, எந்தத் தெருவுக்கு, யார் பெற்ற பெண்ணுக்கு என்று தெரியாமல் ஒரு பாட்டிலில் போட்டு மூடி, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒருநாள் அவன், “உங்கம்மாவுக்கு ஒரு ஃபோன் போட்டாத்தான் என்ன?” என்றான்.

அந்த இடைவெளி நீளமாக இருந்தது. அம்மா உயர்த்திய கையை இறக்காமல் பிடித்திருந்தாள்.

“எதுக்குப் பயம்? எஞ்சாதி என்னன்னு கேப்பாங்க, அவ்ளோதான. ... சரி, அழுவாத. அழுவாத கண்ணு, உடம்புக்கு ஆவாது.”

“கேக்க மாட்டேன்” என்றாள் அம்மா தவளையிடம். “நான் கேக்க மாட்டேன்னு சொல்லுங்க.” தவளை தொண்டையைச் சுருக்கிக்கொண்டு மழையில் உட்கார்ந்திருந்தது. இங்கிருந்து அங்கே எதுவும் போகாது என்பது எல்லோருக்கும் தெரியும். மதினி எத்தனை தடவை அந்தோணிமுத்துவைத் திட்டிப் பார்த்திருக்கிறாள்!

அது எங்கள் கஸ்தூரியா வேறு கஸ்தூரியா என்று தெரியாமலேயே மழை வெளுக்கத் தொடங்கியது. பெண் தவளைகள் இறங்கி வந்தன. பெரியவை, சத்தமில்லாதவை, இலைக்கு இலை தாவித் தங்களுக்கு வேண்டியவனைத் தேர்ந்துகொண்டன. தேர்ந்தெடுக்கப்பட்டவன் அதோடு பேச்சை நிறுத்தினான். இரண்டும் சேர்ந்து தண்ணீருக்கு மேலே தொங்குகிற கிளையில், சோப்பு நுரை மாதிரி வெள்ளையாக ஒரு கூடு கட்டிவிட்டு உச்சிக்கு ஏறிவிடும். அந்தோணிமுத்து ஏறினார். பேக்கரிப் பையன்கள் ஏறினார்கள். துரை மகன் ஏறிய அன்றைக்குத் துரை, சதுப்பின் அக்கரையிலேயே வெகுநேரம் நின்றுவிட்டு, பெண்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த மழைக்கு இவர்கள் மறுபடி பேசுவார்களா என்று யாழினி அக்காவைக் கேட்டோம். தெரியாது என்றாள், இந்தத் தடவை தலைப்பைச் சாக்காகச் சொல்லாமல்.

கடைசியில் அம்மாவின் இலை ஒன்றுதான் மிச்சம். வெயில் மஞ்சளாக மரத்தூர்களில் விழுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் நானும் அம்மாவும் மதினியும் மட்டும் போனோம். இலைக்கு ஒரு கை மேலே, கிளையில், ஒரு பெரிய பெண் தவளை வந்து உட்கார்ந்திருந்தது.

“ஐயோ” என்றாள் மதினி. “வந்துட்டா.”

கீழே இருந்தவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவன் குரலில் சிரிப்பு இருந்தது.

“ஏனம்மிணி, அதைப் பண்ணிக் காட்டு. ... அதான், உங்கம்மா அட்டையைத் திட்டறது. ... ஒரே ஒரு தடவ. நேத்துப் பண்ணினியே, நெனச்சு நெனச்சுத் தறியில சிரிச்சேன்.”

அட்டை என்றது எனக்கு முதலில் மனசில் ஏறவே இல்லை. கஸ்தூரி குரல் பண்ணுகிறாளா? சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கிற கஸ்தூரியா? அப்புறம்தான் அம்மாவைப் பார்த்தேன். மலையில் அட்டை கடித்தால் எல்லோரும் கெட்ட வார்த்தை சொல்லிப் பிய்த்து எறிவார்கள், சுண்ணாம்பு வைப்பார்கள். எங்கள் அம்மா ஒருத்திதான் அட்டையிடம் மரியாதையாகப் பேசுகிறவள். இத்தனை எஸ்டேட்டிலும் அப்படிப் பேசுகிற ஆள் கிடையாது.

“சரி, ஆரம்பி” என்றது தவளை. பேச்சை நிறுத்தியது. இடைவெளி வந்தது.

அம்மா கையை உயர்த்தவில்லை. முந்தானையை இடுப்பில் செருகி, தன் கணுக்காலைப் பார்த்துக் குனிந்து, கொழுந்துக்காட்டில் நிற்கிற அதே குரலில், எனக்கே ஒருநாளும் சரியாக வராத அந்தக் குரலில், ஆரம்பித்தாள்.

“வாங்க மருமகனே. எப்ப வந்தீங்க? சொல்லி அனுப்பியிருந்தா எலை போட்டுருப்பம்ல? நின்னுக்கிட்டே குடிக்கீகளே, உக்காந்து குடிக்கப்படாதா? போதுமா? இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டா? வயிறு நெறஞ்சுதுன்னா எறங்குங்க ராசா, எனக்குக் கொழுந்து நிறுக்கணும்...”

அம்மா ‘நிறுக்கணும்’ என்று முடிக்கவும், தவளை தொண்டையை முழுக்க ஊதி, வெடித்துச் சிரித்தது. அந்த ஆம்பளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, “போதும் அம்மிணி, போதும், கண்ணுல தண்ணி வருது” என்று சிரித்தான். சதுப்பு முழுக்க அந்தச் சிரிப்பு எதிரொலித்தது. ஞானப்பூ மதினி என்னைக் கட்டிக்கொண்டாள்.

“இன்னொருக்கா” என்றது தவளை.

அம்மா இன்னொருக்கா செய்தாள். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. மேலே இருந்தவள் இறங்கி, அவன் பக்கத்தில், அதே இலையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் தொண்டை சுருங்கி ஒட்டிக்கொண்டது.

மேட்டில் விசில் ஊதியது. அம்மா அசையவில்லை. ஈரத் தரையில் குத்தவைத்து, அந்தப் பெரியவளின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டாள்.

“கோவமெல்லாம் இல்ல, கஸ்தூரி” என்றாள். “காலைத் தொங்கப் போட்டு உக்காராத. சுக்குப் பொடி இடிச்சு வெச்சிருக்கேன். கூரைத் தகரம் மாத்தியாச்சு, இப்ப ஒழுகல. உன் தங்கச்சி கணக்குல பெயிலு. அவரு நல்லாச் சிரிக்காரு. நல்லாத்தான் இருக்காரு. எப்ப வந்தாலும் வா, ஒத்தையா வராத, ரெண்டு பேருமா வாங்க, மூணு பேருமா வாங்க...” இரண்டு மழைக்காலத்துப் பேச்சும் அவளுக்குள்ளிருந்து நிற்காமல் வந்துகொண்டிருந்தது, வீட்டுக் கோழி, கோயில் கொடை, குழாயடிச் சண்டை, யார் யாருக்கு என்ன பிள்ளை என்று ஒன்றுவிடாமல்.

பெண் தவளை இடம் மாறாமல் அவளைப் பார்த்தபடி இருந்தது. அம்மா சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து, அதற்கப்புறம்தான் திரும்பி, பின்னங்கால்களால் மெல்ல மெல்ல நுரையைக் கடைய ஆரம்பித்தது.